ரொட்டிக்குக் கோதுமை மாவா, குரக்கன் மாவா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் காலையிலும் இரவிலும் கோதுமை மா ரொட்டிதான். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி செய்து கொடுக்கும்படி குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். என் மாமியாரோ, குரக்கன் தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்றும், மலை ஏறி வேலை செய்கிறவர்களுக்குக் கோதுமை மாவில்தான் பலம் இருக்கிறது என்றும் சொல்கிறார். குரக்கன் மாவுக்கு விலையும் கூடுதல். உண்மையில் எந்த மாவில் சத்து அதிகம்?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: சகோதரி, கல்சியத்திலும் நார்ச்சத்திலும் குரக்கன் மா கோதுமை மாவை வெகுவாக விஞ்சி நிற்கிறது. புரதத்திலும் சக்தியிலும் கோதுமை மாவே சற்று முன்னிற்கிறது. உங்கள் மருமகளுக்கு இப்போது மிகவும் தேவைப்படும் இரும்புச்சத்தைப் பொறுத்தவரையில், ரொட்டி எந்த மாவில் சுடப்பட்டது என்பதைக் காட்டிலும், அந்த ரொட்டியோடு அவர் எதைத் தின்கிறார், எதைக் குடிக்கிறார் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்றையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

கடையில் நாம் வாங்கும் வெள்ளைக் கோதுமை மாவில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 364 கிலோ கலோரி சக்தியும், 10 கிராம் புரதமும், 76 கிராம் மாப்பொருளும், 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான நார்ச்சத்தும், 15 மில்லிகிராம் கல்சியமும், 1.2 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அதே 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 320 கிலோ கலோரி சக்தியும், 7 கிராம் புரதமும், 67 கிராம் மாப்பொருளும், 11 கிராம் நார்ச்சத்தும், 350 மில்லிகிராம் கல்சியமும், 4.6 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. விளைந்த மண்ணையும் விதையின் இனத்தையும் பொறுத்து இந்த எண்கள் கூடவோ குறையவோ செய்யும் என்றாலும், கல்சியத்தில் இருபது மடங்குக்கு மேலாகவும், நார்ச்சத்தில் நான்கு மடங்காகவும் காணப்படும் வேறுபாடு அதனால் மறைந்துவிடாது.

இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி தானியத்தின் இயல்பினால் வருவது. மறு பகுதி ஆலையில் நடப்பதனால் வருவது. கோதுமை மணியின் மேல்தோலையும் முளையையும் நீக்கி, நடுவிலுள்ள வெண்மையான பகுதியை மட்டும் அரைத்தே வெள்ளை மா பெறப்படுகிறது. நார்ச்சத்தும் இரும்பும் மக்னீசியமும் பெரும்பாலும் நீக்கப்பட்ட அந்தத் தோலிலும் முளையிலும் இருந்தவை. குரக்கன் மணி மிகச் சிறியது என்பதால் அதைத் தோலோடு சேர்த்தே அரைக்கிறார்கள். எனவே அதன் சத்து அதிலேயே தங்கிவிடுகிறது. முழுக் கோதுமையை அரைத்த ஆட்டா மாவை எடுத்துக்கொண்டால், நார்ச்சத்திலும் இரும்பிலும் அது ஏறக்குறைய குரக்கனின் அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஆட்டா மாவிலும் கல்சியம் 100 கிராமுக்கு 30 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும். கல்சியம் மட்டும் குரக்கனுக்கே உரிய சிறப்பு. நாம் வழக்கமாகச் சமைக்கும் தானியங்களுள் வேறெதுவும் அதற்கு அருகில் வருவதில்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. சக்தியையும் புரதத்தையும் மட்டும் கணக்கிட்டால், கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் மலையில் நிற்பவருக்குக் கோதுமை மா கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கிறது. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) நேரத்தோடு போயாக வேண்டிய ஒரு பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்க நேரம் கிடைப்பதில்லை. ரொட்டியை விரைவாகச் சுட்டு, சம்பலோடு சுற்றிக் கட்டிக்கொண்டு போய்விடலாம். இலங்கையில் விளையாத, கப்பலில் வந்து இறங்குகிற ஒரு தானியம் மலையகத்தின் அன்றாட உணவாக நிலைபெற்றதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிட்டு, கோதுமை மாவை வெறுமனே பழிப்பது நியாயமாகாது. அதே வேளையில், பசி தீர்வது வேறு, சத்துச் சேர்வது வேறு. வெள்ளை மாவில் இருப்பது பெரும்பாலும் மாப்பொருளே. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால், பருப்போ மீனோ முட்டையோ கூடச் சேரும்போதுதான் அந்தப் புரதம் உடலுக்கு முழுமையாகப் பயன்படும்.

பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்ற அச்சத்தைத் தயவுசெய்து அடியோடு விட்டுவிடுங்கள். குரக்கனின் கருஞ்சிவப்பு நிறம் அதன் தோலிலுள்ள பொலிபீனோல் என்னும் பொருட்களால் உண்டாவது. பிள்ளையின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வரும் பரம்பரை அலகுகளால் அமைவது. தாய் தின்னும் எந்த உணவின் நிறமும் பிள்ளையின் தோலைச் சென்றடைவதில்லை. இந்த அச்சத்தின் பெயரால் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கவேண்டிய கல்சியம் மறுக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மூத்தவர்களிடம் இதை எடுத்துச் சொல்லும்போது மரியாதையோடு சொல்லுங்கள், ஆனால் உறுதியோடு சொல்லுங்கள்.

இனி இரும்புச்சத்து. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அதைப் பொதுவாக இரத்தச்சோகை என்கிறோம். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. குரக்கனில் கோதுமை மாவைப்போல நான்கு மடங்கு இரும்பு இருப்பதாகத் தாளில் எழுதியிருந்தாலும், அவ்வளவும் உடலில் சேர்வதில்லை. தானியங்களில் பைற்றேற்று என்றொரு பொருள் இருக்கிறது. குரக்கன் தோலில் தனின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கிறது. இவை இரண்டும் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு, இரத்தத்துக்குள் போகவிடாமல் தடுக்கின்றன. ஆகவே குரக்கன் ரொட்டியை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. கிளினிக்கில் தந்த மாத்திரையை உங்கள் மருமகள் ஒரு நாளும் தவறாமல் எடுக்கவேண்டும். இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது. கல்சியம் இரும்பு சேர்வதைக் குறைக்கும். எதை எந்த வேளையில் எடுப்பது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

நம்முடைய வீடுகளில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதுதான் ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள், தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பைக் குடலிலேயே கட்டிவிடுகின்றன. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து உடலில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம் என்பது பல தசாப்தங்களுக்கு முன்னரே ஆய்வுகளில் நிறுவப்பட்ட ஒன்று. பால் கலப்பதால் இந்தத் தடை நீங்கிவிடாது. நமது மக்கள் தேயிலையை வளர்த்து, கொழுந்து பறித்து, உலகத்துக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அதைக் குடிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள் என்றே கேட்கிறேன். குளிரான காலையில் ரொட்டியோடு சூடாக ஏதாவது குடிக்க வேண்டுமென்றால், அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வெந்நீரோ மல்லித் தண்ணீரோ போதும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மாவை மாற்றுவதைக் காட்டிலும் இரத்தச்சோகைக்கு இது கூடுதல் பலன் தரும்.

தடை இருப்பதுபோல உதவியும் இருக்கிறது. விற்றமின் சி தாவர இரும்பைக் கரைத்து உடலில் சேர்க்கும். சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது நல்லதுதான்; ஆனால் ஒரு தேசிக்காயின் சாற்றில் உள்ள விற்றமின் சி கொஞ்சமே. வீட்டுப் பின்புறத்தில் காய்க்கும் கொய்யாப்பழத்தில், 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யாப்பழம் தின்பது, தோட்டத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த உதவிகளில் ஒன்று. நெத்தலிக் கருவாடு கொஞ்சம் சேர்ந்தாலும் அதே பயன் உண்டு, ஏனெனில் மீனிலுள்ள இரும்பு எளிதாகச் சேர்வதோடு, கூட உண்ணும் தாவர உணவிலுள்ள இரும்பையும் சேரச் செய்கிறது. நெத்தலியை முள்ளோடு தின்பதால் கல்சியமும் கிடைக்கும். கருவாட்டை நன்றாகக் கழுவி உப்பைப் போக்கிய பிறகு சமையுங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுவதையும் குரக்கனுக்கு மாற்ற வேண்டியதில்லை. பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா போதும். ஒரு ரொட்டிக்கு 75 கிராம் மா என்று வைத்துக்கொண்டால், இரண்டு வெள்ளை ரொட்டியிலிருந்து கிடைப்பது 22 மில்லிகிராம் கல்சியமும் 4 கிராம் நார்ச்சத்தும் மாத்திரமே. பாதிக்குப் பாதி கலந்து சுட்ட இரண்டு ரொட்டியிலிருந்து சுமார் 270 மில்லிகிராம் கல்சியமும் 10 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும். 200 மில்லிலீற்றர் பாலில் இருப்பது சுமார் 240 மில்லிகிராம் கல்சியம். பாலின் கல்சியம் குரக்கனின் கல்சியத்தைவிட எளிதாக உடலில் சேரும் என்பதால் இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக எண்ணக்கூடாது. ஆயினும் பால் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது பெரிய வரவு. கலவையினால் இழப்பது இரண்டு கிராம் புரதம். ஒரு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பைக் கூடுதலாகக் கறியில் போட்டால் அது ஈடாகிவிடும்.

கலப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரொட்டியை உடையாமல் பிடித்து வைத்திருப்பது கோதுமையிலுள்ள குளுட்டன் என்ற பசைத்தன்மையுள்ள புரதம். குரக்கனில் அது இல்லை என்பதால், தனிக் குரக்கன் ரொட்டி ஓரங்களில் வெடிக்கும்; ஆறினால் வறண்டுபோகும்; மலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு வசதிப்படாது. பாதி கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டினால் ரொட்டி மெதுவாக இருக்கும்.

கேள்வி: எனக்கு நீரிழிவு. குரக்கன் ரொட்டி எத்தனை தின்றாலும் சீனி ஏறாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: உண்மையல்ல ஐயா. மேலே சொன்ன அதே 75 கிராம் கணக்கில், இரண்டு வெள்ளை ரொட்டியில் சுமார் 114 கிராம் மாப்பொருள் இருக்கிறது. இரண்டு தனிக் குரக்கன் ரொட்டியில் சுமார் 100 கிராம் இருக்கிறது. அந்த மாப்பொருள் முழுவதும் கடைசியில் இரத்தத்தில் குளுக்கோசாகவே முடிகிறது. நார்ச்சத்துக் கூடுதலாக இருப்பதால் அது சற்று மெதுவாக நடக்கும் என்பதும், வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்கும் என்பதும் குரக்கனால் வரும் நன்மைகள். ஆயினும் மூன்று வெள்ளை ரொட்டியிலிருந்து நான்கு குரக்கன் ரொட்டிக்கு மாறுகிறவருக்கு இலாபம் எதுவுமில்லை. மூன்றை இரண்டாக்கி, மிச்ச இடத்தைக் கீரையாலும் பருப்பாலும் நிரப்புகிறவருக்கே இலாபம். குரக்கனை மிக நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் சீனியோ கித்துள் வெல்லமோ போட்டுக் குடிப்பது உங்களுக்கு உகந்ததல்ல, ஏனெனில் மாவு நைசாகவும் நீர்ப்பதமாகவும் ஆக ஆக அது விரைவாகச் சமிபாடடையும். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராயின், ரொட்டியின் அளவைத் திடீரெனக் குறைக்கும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடக்கூடும். சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் கட்டாயம் கேட்டே ஆகவேண்டும், ஏனெனில் பொட்டாசியமும் பொசுபரசும் வெள்ளை மாவைவிடக் குரக்கனில் கூடுதல்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். நான் வேலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டுச் செல்கிறேன். காலையில் குரக்கன் கஞ்சி கொடுத்து அனுப்பினால் போதுமா? முளைகட்டிய குரக்கன்தான் நல்லது என்று சொல்வது சரியா?
– ஒரு தாய், ஹப்புத்தளை

பதில்: குரக்கன் கஞ்சி கொடுக்கலாம், மகளே, அது மட்டும் போதாது. ஆறு மாதம் நிறைந்த பின்னர் தாய்ப்பாலோடு வேறு உணவும் தேவை. ஏழு மாதம் முதல் ஒரு வயது வரையிலான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இவ்வளவு சிறிய வயிற்றுக்கு இது பெரிய தேவை. நீர்த்த கஞ்சியால் அதை நிரப்ப முடியாது. கஞ்சி கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். அதில் கொஞ்சம் தேங்காய்ப்பால் அல்லது நெய் சேர்த்தால் சக்தி கூடும். அன்றைய நாளின் மற்ற வேளைகளில் நன்கு வேகவைத்து மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல், பருப்பு ஆகியவற்றுள் ஏதாவது இருக்கவேண்டும். ஒரு வயது வரை சீனியும் உப்பும் சேர்க்காதீர்கள். தேத்தண்ணியை ஒரு வாய்கூடக் கொடுக்கவேண்டாம். காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதம். நாட்டின் மற்றப் பிள்ளைகளைப்போல நம்முடைய பிள்ளைகளும் வளரவேண்டும். அதற்குக் கஞ்சியில் எந்த மா என்பது ஒரு பங்குதான். தாயின் கர்ப்பகால உணவு, தாய்ப்பால், முட்டை, மீன், சுத்தமான தண்ணீர், அடிக்கடி வயிற்றோட்டம் வராமல் காத்தல் ஆகிய அனைத்தும் அதில் சேரும்.

முளைகட்டுவதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரியே. தானியம் முளைக்கும்போது அதற்குள்ளே சுரக்கும் நொதியங்கள் பைற்றேற்றைச் சிதைக்கின்றன. இரும்பும் கல்சியமும் கூடுதலாகச் சேர அதனால் வழி உண்டாகிறது. முளைத்த மா காய்ச்சும்போது அதிகம் தடிக்காது என்பதால், அதே கோப்பையில் கூடுதல் மாவைச் சேர்க்கவும் முடியும். குரக்கனைக் கல் மண் போக அரித்துக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சமவெளியில் ஒரு நாளில் முளைப்பது நம்முடைய குளிரில் இரண்டு நாள் எடுக்கலாம். அடுப்படியின் சூடு படும் இடத்தில் வைத்தால் விரைவாகும். துணியை நாளுக்கு இரண்டு தடவை புது நீரில் நனையுங்கள். புளித்த வாடையோ பூஞ்சணமோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் உணவில் சிக்கனம் பார்க்கும் இடம் அதுவல்ல. முளை சிறிதாக வந்ததும் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளலாம். மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் வெயிலை நம்பமுடியாது. அப்போது முளைகட்டும் வேலையை விட்டுவிட்டு, சாதாரண மாவையே நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: கடையில் ‘குரக்கன் மா’ என்று விற்கும் பக்கற்றுகளில் சில மலிவாகவும் வெளிறியும் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது? வாங்கியது ஏன் சீக்கிரம் கசக்கிறது?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: பக்கற்றின் பின்புறத்தில் உள்ளடக்கம் எழுதப்பட்டிருக்கும், எது அளவில் கூடுதலோ அதுவே முதலில் வரும். அங்கே கோதுமை மா முதலாவதாக இருந்தால், நீங்கள் குரக்கனின் விலைக்குக் கோதுமையை வாங்குகிறீர்கள். தனிக் குரக்கன் மாவை வாங்கி வீட்டிலேயே கலப்பது நல்லது. கசப்பதற்குக் காரணம், முளையோடு சேர்த்து அரைப்பதால் அதிலுள்ள கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடுவது. முளை நீக்கிய வெள்ளை மா அவ்வாறு விரைவில் கெடுவதில்லை. ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக வாங்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக்கமாக மூடும் போத்தலிலோ டின்னிலோ, ஈரச்சுவரில் படாதவாறு உயரத்தில் வையுங்கள்.